நான் தூங்கிய நேரத்தில் வார்டில் இருந்தவள்

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பயம் வராது, கொட்டாவிதான் வரும். நர்சிங் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது சீனியர் அக்காக்கள் எங்களை வட்டமாக உட்காரவைத்து, பிணவறைக்குப் போகும் வராந்தாவைப் பற்றி விதவிதமாகக் கதை சொன்னார்கள். மற்ற பெண்கள் நாலைந்து பேராகக் கை கோத்துக்கொண்டு ஓடியே கடந்த அந்த வராந்தாவில் நான் தனியாக, வேர்க்கடலை கொறித்துக்கொண்டு நடந்து போயிருக்கிறேன். பெரிய தைரியமெல்லாம் இல்லை, கேன்டீனுக்கு அது குறுக்கு வழி. இன்றைக்கும் யாராவது எதையோ பார்த்தேன் என்று வந்தால், சாப்பிட்டீங்களா, பி.பி. பார்த்தீங்களா என்றுதான் முதலில் கேட்பேன். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, நம்பப்போவதில்லை. பரவாயில்லை, நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள்.

எனக்கு ஊர் பாகூர் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல்லும் கரும்பும், மிச்ச நாளில் டவுனில் ஒரு கம்பெனியில் வேலை. நான் புதுச்சேரி டவுனில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. நர்சிங் படித்தேன். எந்தக் கல்லூரி, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன், இந்தக் கதையில் வருகிறவர்கள் இன்னும் அங்கேயே வேலை செய்கிறார்கள். இது மூன்றாம் ஆண்டில் நடந்தது, ஆறேழு வருடம் இருக்கும்.

மூன்றாம் ஆண்டு எப்படி இருக்கும் என்று படித்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் வகுப்பு, மதியம் ஒரு மணியிலிருந்து ஏழு மணி வரை வார்டில் டியூட்டி, ஹாஸ்டலுக்கு வந்தால் ரெக்கார்டு எழுத வேண்டும், ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கம் பக்கமாக. ஒரு கோடு கோணலாகப் போனால் மறுபடியும் முதலிலிருந்து எழுதச் சொல்வார்கள். இடையில் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி வரும். முதலில் எல்லோரையும்போல நானும் அழுதேன், ரூம்மேட் ரெஜினாவோடு சேர்ந்து திட்டித் தீர்த்தேன். சிரித்துக்கொண்டே திட்டுகிற வரைக்கும் ஒன்றும் ஆகாது. அதற்கப்புறம் ஒரு கட்டம் வந்தது, அழுகையே வரவில்லை. சோறு வாயில் பஞ்சு மாதிரி இருந்தது. அம்மா போன் செய்தால் மணி அடித்து ஓயட்டும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். ரெஜினா, "ஏய் வசந்தி, உன்கிட்டதான்டி பேசறேன்," என்று தோளைப் பிடித்து உலுக்கினால்தான் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பதே தெரியும்.

ஒரு நாள் என் கண் முன்னால் ஒரு நோயாளி இறந்துபோனார். அவர் மகள் தரையில் விழுந்து கதறுகிறாள். நான் அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் தெரியுமா, இந்தக் கட்டிலைத் துடைத்து முடித்துவிட்டு ஏழு மணிக்குள் கிளம்ப முடியுமா என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் எனக்கு என்மேலேயே பயம் வந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை ரொம்ப நாள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நாட்களில் நான் சார்ட்டில் பொய் எழுத ஆரம்பித்திருந்தேன். நோயாளியின் மூச்சை ஒரு நிமிடம் நின்று எண்ண வேண்டும். நான் எண்ணாமலே எல்லோருக்கும் இருபது, இருபது என்று எழுதிக்கொண்டு போனேன். இதற்குமேல் நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று முடிவு செய்து, சனிக்கிழமை ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதில்லை என்று பெட்டியைக்கூடக் கட்டி வைத்துவிட்டேன். ரெஜினாவிடம்கூடச் சொல்லவில்லை.

அதற்கு முந்தின புதன்கிழமைதான் இது நடந்தது. சித்திரை மாத வெயில், நல்ல மதியம். இருட்டு, மழை, நாய் ஊளை எதுவும் கிடையாது. பெண்கள் பொது வார்டு, இருபத்திரண்டு கட்டில். அன்றைக்கு டியூட்டியில் ஸ்டாஃப் நர்ஸ் புஷ்பா அக்காவும் மாணவியாக நானும்தான். கூட வரவேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். இரண்டே கால் மணி இருக்கும், மாற்றுவதற்கு இரண்டு படுக்கை விரிப்பு வேண்டும் என்று லினன் ரூமுக்குள் போனேன். அது வார்டு கோடியில் இருக்கிற சின்ன அறை, சுவரெல்லாம் அலமாரி, ஜன்னல் கிடையாது, மேலே கையகலத்துக்கு ஒரு காற்றுத் துவாரம். கடைசி அலமாரிக்குப் பின்னால் சலவையிலிருந்து வந்த மூட்டைகள் கிடந்தன. இன்னும் சூடு ஆறாத துணி. ஒரே ஒரு நிமிடம் என்று அதன்மேல் உட்கார்ந்தேன். அந்தச் சூடும் சோப்பு வாசனையும் இருக்கிறதே, அம்மா புடவைக்குள் முகம் புதைத்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான் நினைவு இருக்கிறது.

கண் விழித்தபோது அறை மங்கிப் போயிருந்தது. காற்றுத் துவாரத்தில் மஞ்சள் வெளிச்சம். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறு இருபது. நான்கு மணி நேரம் தூங்கியிருக்கிறேன்! நாலு மணிக்கு இருபத்திரண்டு பேருக்கும் காய்ச்சல், நாடி, பி.பி. பார்க்க வேண்டும், சர்க்கரைக்காரர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும். ஒன்றும் செய்யவில்லை. யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால்? ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. வெளியே பூட்டியிருந்தது. வார்டு ஆயம்மா குப்பம்மாள் மூன்று மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது லினன் ரூமைப் பூட்டி, சாவியை ஸ்டாஃப் நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அலமாரிக்குப் பின்னால் நான் கிடந்தது அந்தம்மாவுக்குத் தெரிந்திருக்காது.

கதவை இரண்டு கையாலும் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம், சாவி திருகுகிற சத்தம், கதவு திறந்தது. புஷ்பா அக்கா. என்னைப் பார்த்ததும் திட்டப்போகிறார் என்று நான் அழுகைக்குத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை. என்னைப் பார்த்தார், திரும்பி வார்டுப் பக்கம் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"நீ இப்பதானடி அந்தக் கோடில தண்ணி புடிச்சிக்கினு இருந்த?"

"அக்கா, மன்னிச்சிடுங்கக்கா, தூங்கிட்டேன். ரெண்டே காலுக்கு உள்ள வந்தேன், அப்படியே தூங்கிட்டேன்."

"இன்னா வெளையாடுறியா? அஞ்சு மணிக்கு என்கூட உட்கார்ந்து டீ குடிச்ச. பசிக்குதுன்னு சொல்லி ரெண்டு பன்னு தின்ன. நான்கூட நெனச்சேன், இன்னிக்குத்தான் இந்தப் பொண்ணு நல்லா சாப்புடுதுன்னு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் கன்னத்தில் துணி மூட்டையின் வரி வரியான தடம் பதிந்திருந்தது, அதை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பூட்டைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

இரண்டு பேரும் நர்ஸ் மேசைக்குப் போனோம். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் யாரும் இல்லை. குழாயின் கீழே ஒரு பிளாஸ்டிக் ஜக் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, அக்காதான் போய்க் குழாயை மூடினார். மேசைமேல் சார்ட்டுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். நாலு மணிக்கு நேராக எல்லோருக்கும் எழுதியிருந்தது. என் கையெழுத்து. என் சுருக்கக் கையொப்பம். ஆனால் அந்த வருடத்து என் கையெழுத்து இல்லை அது, கிறுக்கலே இல்லாமல் நிதானமாக எழுதியது. மூச்சு எண்ணிக்கையைப் பார்த்தேன். பதினெட்டு, இருபத்திரண்டு, பதினாறு, பத்தொன்பது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு எண். யாரோ ஒவ்வொரு கட்டிலின் பக்கத்திலும் ஒரு முழு நிமிடம் நின்று எண்ணியிருக்கிறார்கள்.

ஒன்பதாம் கட்டில் சார்ட்டில் மட்டும் கூடுதலாக எழுதியிருந்தது. அந்தக் கட்டிலில் அஞ்சலை என்று ஒரு அம்மா, கனகசெட்டிக்குளத்தில் மீன் விற்பவர். சர்க்கரையில் கால் புண்ணாகி வந்து படுத்திருந்தார். மதியம் இன்சுலின் ஊசி போட்டும் சாப்பாட்டைத் தொடவில்லை, அதை யாரிடமும் சொல்லவுமில்லை. நாலு மணிக்கு வியர்த்துக் கொட்டி, வாய் குழறி, தூக்கம் மாதிரிக் கிடந்திருக்கிறார். பார்ப்பவர்களுக்கு வெயிலில் அசந்து தூங்குவதாகத்தான் தெரியும். சார்ட்டில் எழுதியிருந்த சர்க்கரை அளவை இரண்டு தடவை படித்தேன், அவ்வளவு கீழே இறங்கியிருந்தது. இன்னும் அரை மணி நேரம் யாரும் பார்க்காமல் விட்டிருந்தால் அந்த அம்மா எழுந்திருக்க மாட்டார்.

"நீதான் ஓடி வந்து சொன்ன," என்றார் புஷ்பா அக்கா மெதுவாக. "டாக்டர வரச் சொன்னதும் நீதான். குளுக்கோஸ் ஏத்துறப்ப அந்தம்மா கையப் புடிச்சிக்கினு நின்னது நீதான்."

அந்த நேரம் பார்த்து டியூட்டி டாக்டர் வார்டுக்குள் வந்தார், என்னைப் பார்த்து, "நல்லாக் கண்டுபிடிச்சீங்க சிஸ்டர், வெரி குட்," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது? புஷ்பா அக்கா என் காதருகே வந்து, "யாருகிட்டயும் சொல்லாத. நானும் சொல்ல மாட்டேன். தூங்குனது தெரிஞ்சா உன்ன டிஸ்மிஸ் பண்ணிடுவாங்க, மத்தது தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரையும் வேற வார்டுல படுக்க வெச்சிடுவாங்க," என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார், எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை மாதத்துக்கு அப்புறம் வந்த சிரிப்பு என்று எனக்கே தெரியாது. நம்புங்கள், அன்றைக்கு எனக்குப் பயமே இல்லை. அகோரப் பசி. டியூட்டி முடிந்து நேரே வெளியே போய் ஒரு கடையில் ஆறு இட்லி தின்றேன்.

மறுநாள் வார்டுக்குப் போனதும் முதலில் ஒன்பதாம் கட்டிலுக்குத்தான் போனேன். அஞ்சலை அம்மா எழுந்து உட்கார்ந்து, மகளோடு சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சண்டையை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார்.

"வா பாப்பா. நேத்து உன் கைய விடவே எனக்கு மனசில்ல."

"நான் இன்னாம்மா பேசினேன் நேத்து?"

"இது இன்னாடி கேள்வி! எப்பப் பாத்தாலும் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு வருவியே, இன்னிக்கி இன்னா இப்படிப் பளபளன்னு கீறன்னு கேட்டேன். நல்லாத் தூங்கி எழுந்து வந்தேம்மான்னு சொன்ன."

அந்த அம்மா மேலே பேசிக்கொண்டே போனார், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதை. நான் அவர் நாடியைப் பிடித்தபடி நின்றேன். மூச்சை எண்ணினேன். ஒரு முழு நிமிடம்.

புஷ்பா அக்கா சொல்லாதே என்றுதான் சொன்னார். ஆனால் எல்லோரும் பாராட்டுகிறார்கள், வகுப்பில் மேடம் என் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைக்கிறார், நான் செய்யாத வேலைக்கு. அதைத் தாங்க முடியவில்லை. எப்படியும் சனிக்கிழமை போகப்போகிறோம், உண்மையைச் சொல்லிவிட்டே போவோம் என்று ஹெலன் மேடம் அறைக்குப் போனேன். எங்கள் வகுப்புக்குப் பொறுப்பு அவர்தான். டவுன்காரர், கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு, நிழல் தெரிந்தாலே நாங்கள் எழுந்து நிற்போம். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தூங்கினதை, பூட்டை, சார்ட்டை. இருபது இருபது என்று பொய் எழுதினதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

"நீ கடைசியா எப்ப லீவு எடுத்த?" என்று கேட்டார்.

"ஞாபகம் இல்ல மேடம்."

மேசை டிராயரைத் திறந்து டியூட்டி அட்டவணையை எடுத்து, என் பெயருக்கு நேராக விரலை வைத்துப் பின்பக்கமாக எண்ணிக்கொண்டே போனார். பத்தொன்பதாவது கட்டத்தில் விரல் நின்றது. காய்ச்சலில் விழுந்தவர்களுக்குப் பதிலாக எல்லா இடத்திலும் என் பெயரே போட்டிருந்தது, நான் முடியாது என்று சொல்லாத பெண் என்பதால். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இந்த ரோஸ்டர் போட்டது நான்தாம்மா," என்றார். "நீ தூக்கத்துல எழுந்து போய் வேலை பார்த்திருக்கணும். பூட்டு சரியா மாட்டாம இருந்திருக்கும். அப்படித்தான் இருக்கணும். ஆனா அது எதுவா இருந்தாலும் இருக்கட்டும். பொய் எழுதுனது தப்பு, அதுக்கு நீ எனக்குப் பதில் சொல்லணும். பத்தொம்பது நாள் உன்ன நிக்க வெச்சதுக்கு நான் உனக்குப் பதில் சொல்லணும். நாளைக்கு ஊருக்குப் போ. நாலு நாள் தூங்கு. திரும்பி வந்து என்னைப் பாரு."

திரும்பி வந்து என்னைப் பாரு என்று அவர் சொன்னபோது, வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டின பெட்டியை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போனேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, நான் தூங்கத் தூங்கச் சமைத்து வைத்தார், எழுந்து எழுந்து சாப்பிட்டேன். ஐந்தாம் நாள் அப்பாவின் வண்டியிலேயே வந்து இறங்கிவிட்டேன். கட்டி வைத்த பெட்டியை ரெஜினா ஏற்கெனவே பிரித்துத் துணியை எல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். "தெரியும்டி எனக்கு," என்றாள், அவ்வளவுதான்.

ஹெலன் மேடம் என்னை மனநலப் பிரிவு டாக்டரம்மாவிடம் அனுப்பினார். பைத்தியம் என்று பட்டம் கட்டிவிடுவார்களோ என்று பயந்துகொண்டுதான் போனேன். அந்த அம்மா நான் சொன்னதைச் சிரிக்காமல் கேட்டார். உடம்பு ரொம்பக் களைத்துவிட்டால் மூளை சில நேரத்தை நினைவில் எழுதாமலே விட்டுவிடும், நீ செய்ததை நீயே மறந்திருக்கலாம் என்றார். பூட்டைப் பற்றிக் கேட்டேன். "பூட்டுக்கு நான் வைத்தியம் பாக்கறதில்லம்மா," என்று சிரித்தார். இரண்டு மாதம் வாராவாரம் போனேன். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை, சில வாரம் மறுபடியும் சோறு இறங்காது, போய்ச் சொல்லுவேன். மெதுவாக, ரொம்ப மெதுவாகத்தான் சரியானது. அந்த மாதமே ஹெலன் மேடம், மதிய டியூட்டிக்குப் போகிறவர்களுக்குக் காலை வகுப்பைக் குறைத்துவிட்டார். வகுப்பில் வைத்து, முடியாதவங்க முடியலன்னு சொல்லுங்க என்று ஒரு நாள் கேட்டார். யாரும் கை தூக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தால் பாதி வகுப்பு கை தூக்கி நின்றது. முன் பெஞ்சில் எப்போதும் முதல் மார்க் வாங்குகிற பெண்தான் முதலில் தூக்கினாள். அதற்கப்புறம் வியாழக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஏழெட்டுப் பேர் கடற்கரைச் சாலைக்குப் போய்ப் பாறைமேல் உட்காருவோம், சுண்டல் வாங்குவோம். ரெக்கார்டைப் பற்றி யார் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டும். ரெஜினாதான் அதிகம் வாங்கித் தந்தவள்.

படிப்பை முடித்தேன். இப்போது ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், டயாலிசிஸ் பிரிவில். கல்யாணம் ஆகிக் கருவடிக்குப்பத்தில் குடியிருக்கிறோம். வேலை கஷ்டம்தான், ஆனால் பிடித்திருக்கிறது, உண்மையாகவே பிடித்திருக்கிறது. மாணவிகள் வந்தால் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். புஷ்பா அக்காவை எப்போதாவது பார்ப்பேன். இன்றைக்கும் அவர், பூட்டை நான்தான் திறந்தேன், அது நல்லா மாட்டித்தான் இருந்தது என்று சத்தியம் செய்கிறார். டாக்டரம்மா சொன்னதுதான் நடந்திருக்கும் என்று நானும் என்னைச் சமாதானம் செய்துகொண்டு நிம்மதியாகத்தான் இருந்தேன், போன மாதம் வரைக்கும்.

போன மாதம் எனக்கு ஒரு வார விடுப்பு. மூன்றாம் நாள், மதியம் மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்தேன். எழுந்தபோது வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு மணிக்கு டீ போட்டுட்டு எழுப்பினேன். அசையவே இல்ல நீ," என்றார். "தோளப் புடிச்சி உலுக்கினேன், அப்பவும் எழுந்துக்கல. கொஞ்சம் பயந்துட்டேன். அப்புறம் பார்த்தா சிரிச்சிக்கிட்டே தூங்கற. சரி, தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

நல்ல தூக்கம், மனசு லேசாக இருந்தது. சிரித்துக்கொண்டே எழுந்து நின்றேன், நின்றதும் இரண்டு குதிகாலும் விண்விண் என்று தெறித்தன. மணிக்கணக்கில் நின்று டியூட்டி பார்த்தால் வருமே, அந்த வலி. மூன்று நாளாக நான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. முகம் கழுவலாம் என்று குழாயடியில் கையை நீட்டினேன். விரல் இடுக்குகளில் எல்லாம் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. சமையல் மாவு இல்லை. மாணவியாக இருந்த காலத்தில் வார்டில் கையுறையைக் கழற்றினால் விரலில் ஒட்டியிருக்குமே, அந்த மாவு. எங்கள் வீட்டில் கையுறை கிடையாது. நான் வேலை பார்க்கிற இடத்தில் மாவு போட்ட கையுறை வாங்குவதை நிறுத்தியே மூன்று வருடம் ஆகிறது.